ஒன்பது மீட்டரா, ஐந்து மீட்டரா

எங்கள் தீவில் படகு இல்லாத குடும்பம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது யெர்கோவின் குடும்பம். பாதிரியாரிடம்கூட ஒரு படகு உண்டு. யெர்கோ எங்கள் தீவின் பஸ் டிரைவர். ஃபெரி வந்து நிற்கும் துறையிலிருந்து தீவின் மறுகோடி வரை பதினொரு கிலோமீட்டர். அதையே இருபத்தெட்டு வருஷம் போய்ப் போய் வந்தவர். போன வசந்தத்தில் ஓய்வு பெற்றார். அதே மாதம் அவர் மனைவி ஃபானிக்கு அப்பா வழியில் வந்த மேட்டு நிலத்தை ஒரு ஜெர்மன்காரர் வீடு கட்ட வாங்கிக்கொண்டார். பணம் கைக்கு வந்ததும் இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னது: "படகு வாங்குவோம்." அந்த வீட்டில் ஒரே குரலில் கேட்ட கடைசி வார்த்தையும் அதுதான்.

யெர்கோவுக்குப் பெரிய படகு வேண்டும். ஃபானிக்குச் சின்னப் படகு போதும்.

என் பெயர் தோன்கா. துறைக்கு எதிரே முடி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாற்காலி, ஒரே கண்ணாடி, ஒரே கத்திரிக்கோல். இவர்கள் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் நான். அதனால் இவர்கள் சண்டை எல்லாம் என் கடைக்குத்தான் வந்து சேரும்.

இரண்டு படகுகள் விலைக்கு இருந்தன. ஒன்று, ஸாக்ரெப்பிலிருந்து கோடைக்கு மட்டும் வரும் பல் டாக்டர் ஸ்லாவோமிருடையது. ஒன்பது மீட்டர் நீளம், உள்ளே அறை, இரண்டு படுக்கை, ஃப்ரிட்ஜ், டாய்லெட். வெள்ளை வெளேரென்று, கரையில் நின்றாலே கல்யாண கேக் மாதிரி இருக்கும். மற்றது பேக்கரிக்கார விட்ஸ்கோவுடையது. ஐந்து மீட்டர், கூரை கிடையாது, மூன்று பலகை, பின்னால் மாட்டிய ஒரு எஞ்சின், அவ்வளவுதான். விட்ஸ்கோவுக்கு முதுகு பிடித்துக்கொண்டதால் விற்கிறார்.

"மழை வந்தா என்ன பண்ணுவ?" என்பார் யெர்கோ.

"மழை வந்தா வீட்டுல இருப்பேன். நம்மகிட்ட வீடு இருக்கு, மறந்துட்டியா?"

"வெயிலு?"

"தொப்பி."

"அவசரமா ஒதுங்கணும்னா?"

"சுத்தி அவ்ளோ பெரிய கடல் இருக்கு மனுஷா. அது போதாதா உனக்கு?"

ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. துறையோரக் காபிக் கடையில் ஆண்கள் எல்லாரும் பெரிய படகுக் கட்சி. அவர்கள் யாரும் அதற்குப் பணம் கட்டப் போவதில்லை, டீசல் ஊற்றப் போவதில்லை. தேவாலயத்துக்குப் பூ வைக்கும் பெண்கள் எல்லாரும் சின்னப் படகுக் கட்சி. ஒன்பது மீட்டரைத் தேய்த்துக் கழுவப் போவது யார் என்று அவர்களுக்குத் தெரியும்.

நான் மட்டும் எந்தக் கட்சியும் இல்லை. ஏனென்றால் இரண்டு பேருடைய உண்மையான காரணமும் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஏப்ரலில் ஒரு மத்தியானம் யெர்கோ வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "தோன்கா, கதவச் சாத்து" என்றார். சாத்தினேன். கழுத்தில் துணியைக் கட்டியதும் கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார்:

"எனக்குக் கடல் ஒத்துக்காது."

"ஒத்துக்காதுன்னா?"

"படகுல ஏறினா தலை சுத்தும். வாந்தி வரும். சின்ன வயசுலேர்ந்தே. ஃபானிக்குக்கூடத் தெரியாது."

கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். நாலு பக்கமும் கடல் சூழ்ந்த ஊரில் பிறந்து வளர்ந்து அறுபது வயதான மனிதர்.

"அப்ப எதுக்கு யெர்கோ உனக்குப் படகு?"

"எல்லாரும் வச்சிருக்கானுங்க. இருபத்தெட்டு வருஷமா என்னப் பாத்து, தரை மீனு தரை மீனுன்னு கூப்பிடுறானுங்க. பெருசுன்னா ஆட்டம் கம்மியா இருக்கும் இல்ல? ஃப்ரிட்ஜ் கிரிட்ஜ் எல்லாம் சும்மா. வெளிய சொல்லிடாத."

சத்தியம் வாங்கிக்கொண்டு போனார்.

ஒன்பது நாள் கழித்து ஃபானி வந்தாள். அவளும் கதவைச் சாத்தச் சொன்னாள்.

"தோன்கா, எனக்கு ஃபோட்டோவுக்கு ஏத்த மாதிரி முடி வெட்டு. லைசென்ஸுக்கு ஃபோட்டோ எடுக்கணும்."

"எந்த லைசென்ஸு?"

"படகு ஓட்டற லைசென்ஸு." அவள் கன்னம் சிவந்துவிட்டது. "வண்டியில ஸ்டீயரிங்கத் தொட விட்டிருக்கானா ஒரு நாளு? தள்ளுவண்டியக்கூட அவன்தான் தள்ளுவான். கடையில கூடைய வச்சித் தள்ளிட்டுப் போவோம் பாரு, அதக்கூட! இந்தப் படகையாவது நான் ஓட்டணும். சின்னதுன்னா எனக்குக் கைக்கு அடங்கும். ஒன்பது மீட்டர வாங்கினா அவனுக்குத்தான் அது பஸ்ஸு, நான் பயணி."

ஸாதரில் இருக்கும் துறைமுக அலுவலகத்தில் பரீட்சை. பல் கட்ட டாக்டரிடம் போகிறேன் என்று கணவனிடம் சொல்லிவிட்டு மூன்று முறை ஃபெரி ஏறிப் போயிருக்கிறாள். என் ஹேர் டிரையரின் ஒயரில்தான் முடிச்சு எல்லாம் போட்டுப் பழகினாள். ஒரு முடிச்சை என்னால் இன்றுவரை அவிழ்க்க முடியவில்லை. அதற்கும் சத்தியம் செய்து கொடுத்தேன்.

இரண்டு சத்தியத்தையும் வயிற்றில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் திரிந்தேன். இவருக்கு வெட்டும்போது அவள் பக்கம் வாய் நழுவும், அவளுக்கு வெட்டும்போது இவர் பக்கம். அந்த மாதம் ஊரில் நிறைய பேருக்குக் கிருதா ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கித்தான் இருந்தது.

கடைசியில் இரண்டையும் ஓட்டிப் பார்த்து முடிவு செய்வது என்று ஒப்பந்தம் ஆனது. "தோன்காவும் வரட்டும்" என்றாள் ஃபானி. "இல்லன்னா ரெண்டு பேரு போயி ஒருத்தர்தான் திரும்புவோம்."

ஜூன் முதல் சனிக்கிழமை காலை, டாக்டரின் படகு. டாக்டர் வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறச் சொன்னார். துறையை விட்டு வெளியே வந்ததும் ஸ்டீயரிங்கை யெர்கோவிடம் கொடுத்தார்.

அந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்து, தோளைத் தாழ்த்தி, கண்ணை நேரே வைத்துக்கொண்டு அப்படி ஓட்டினார் மனிதர். ஒரு ஏப்பம் கிடையாது, ஒரு தலைசுற்றல் கிடையாது. என்னைத் திரும்பிப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். பெரிது என்றால் ஆட்டம் இல்லை என்று தான் சொன்னது சரியாகிவிட்டதாம்.

"டாக்டர், நான் கொஞ்சம் ஓட்டிப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள் ஃபானி.

டாக்டர் சிரித்தார். "இது ஒன்பது மீட்டர் அம்மா. நீங்க முன்னாடி போயி காத்தாட உக்காருங்க. மெத்தை போட்டிருக்கு."

ஃபானி போய் மெத்தையில் உட்கார்ந்தாள். அவள் முதுகைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது, டாக்டர் தன் படகை விற்கும் வாய்ப்பை அந்த ஒரு வாக்கியத்தில் தொலைத்துவிட்டார் என்று.

ஒரு குடாவுக்குள் போய் நங்கூரம் போட்டார்கள். எஞ்சின் நின்றது. படகு இடமும் வலமுமாகத் தொட்டில் மாதிரி ஆடத் தொடங்கியது. டாக்டர் மத்தி மீனை எண்ணெயில் பொரிக்க அடுப்பை மூட்டினார். டீசல் வாடை, எண்ணெய் வாடை, மீன் வாடை மூன்றும் சேர்ந்து வந்தது. ஸ்டீயரிங்கை விட்டு எழுந்த யெர்கோவின் முகம் முதலில் மஞ்சளானது, அப்புறம் வேறு ஒரு நிறமானது.

"டாக்டர்... அந்த டாய்லெட்... கொஞ்சம் பாக்கலாமா?"

"தாராளமா! புது பம்ப் போட்டிருக்கேன்!"

யெர்கோ உள்ளே போனவர் போனவர்தான். நாங்கள் மீனைச் சாப்பிட்டு முடித்தோம். உள்ளேயிருந்து பம்ப் அடிக்கும் சத்தம் மட்டும் விட்டு விட்டுக் கேட்டது. டாக்டருக்குப் பெருமை தாங்கவில்லை. "எவ்ளோ ஆர்வமா பாக்குறாரு பாருங்க!"

"முப்பது வருஷக் கல்யாணம்" என்றாள் ஃபானி என்னிடம். "என்கூட ஒரு நாளு இவ்ளோ நேரம் உக்காந்ததில்ல."

வெளியே வந்த யெர்கோ கதவைப் பிடித்துக்கொண்டே, "பிரமாதமான டாய்லெட்" என்றார். பேச்சை மாற்ற வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, அப்போதுதான் அந்த வினையை இழுத்துவிட்டார்.

"டாக்டர், நீங்க பல் டாக்டர்தானே? ஃபானி இந்த வசந்தத்துல ஸாதர்ல போயி மூணு தடவ பல்லு கட்டிட்டு வந்தா. நல்லாக் கட்டியிருக்கானான்னு ஒரு பார்வ பாருங்களேன். ஃபானி, வாயத் திற."

ஃபானி வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"அட, தொறங்கம்மா. காசெல்லாம் கேக்க மாட்டேன்" என்று டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். எதிரே கணவன், பக்கத்தில் டாக்டர், சுற்றிலும் தண்ணீர். எங்கே ஓடுவாள்? திறந்தாள். டாக்டர் வெயில் படும்படி அவள் முகவாயைத் திருப்பி மேலே கீழே பார்த்தார்.

"இதுல யாரும் கை வச்ச மாதிரியே தெரியலயே. பத்து வருஷமா எந்த டாக்டரும் இந்தப் பல்லத் தொட்டதில்ல. ஆனா நல்ல பல்லு!"

திரும்பி வரும் வழியெல்லாம் யெர்கோதான் ஓட்டினார். டாக்டர் மட்டும் மெத்தையின் துணி எங்கே வாங்கியது என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை நான் கடையைத் திறக்கும்போதே யெர்கோ வாசலில் நின்றார். முடி வெட்ட இல்லை. வெட்டி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

"தோன்கா, ஸாதர்ல யாரு?"

"ஸாதர்ல எழுபதாயிரம் பேரு இருக்காங்க. யாரக் கேக்குற?"

"நக்கல் பண்ணாத. மூணு தடவ போயிருக்கா. ஒவ்வொரு தடவையும் தலைய வாரி, லிப்ஸ்டிக் போட்டு, சிரிச்சிக்கிட்டே போனா. பல்லு டாக்டர்கிட்ட எவளாவது சிரிச்சிக்கிட்டுப் போவாளா?"

நான் தரையைப் பெருக்க ஆரம்பித்தேன். பெருக்க ஒரு முடிகூடக் கிடையாது. "நீயே அவகிட்டக் கேளு" என்றேன்.

"கேக்க மாட்டேன்" என்றார். அப்போது அவர் குரல் வேறு மாதிரி இருந்தது. "ஆமான்னு சொல்லிட்டா என்ன பண்றது?"

அதைக் கேட்டபோது சிரிப்பு போய்விட்டது எனக்கு. சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் சத்தியம் சத்தியம்தானே. அவரை நாற்காலியில் உட்கார வைத்துச் சும்மா தலையில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் புதன்கிழமை விட்ஸ்கோவின் படகு. காபிக் கடையில் வழக்கத்தைவிடக் கூட்டம். ரொட்டி போட்டு முடித்த விட்ஸ்கோ மாவுக் கையோடு கரையில் நின்று கற்றுக் கொடுத்தார்.

"இதுல ஸ்டீயரிங் கிடையாது மாமா. எஞ்சினோட சேர்ந்த இந்தக் கைப்பிடிதான். ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சிக்குங்க. வலப் பக்கம் போகணும்னா கைப்பிடிய இடப் பக்கம் தள்ளணும்."

"எனக்கே ஓட்டக் கத்துக் குடுக்குறியா?" என்றார் யெர்கோ. "உன்னப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போயி விட்டதே நான்தான்டா."

நான் நடுப் பலகையில் உட்கார்ந்தேன். ஃபானி எனக்கு முன்னால் உட்கார்ந்து, மடியில் இருந்த ரொட்டிப் பையைப் பிடித்துக்கொண்டாள். யெர்கோ பின்னால் எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கயிற்றை இழுத்தார். மூன்றாவது இழுப்பில் எஞ்சின் பிடித்தது. படகு துறையை விட்டு விலகியது. இடப் பக்கம் திரும்ப வேண்டும். இருபத்தெட்டு வருஷத்துப் பழக்கம்; யெர்கோ கையை இடப் பக்கமே தள்ளினார். படகு வலப் பக்கம் பாய்ந்தது. பதறிப்போய் இன்னும் வேகமாக இடப் பக்கம் தள்ளினார். படகு இன்னும் வேகமாக வலப் பக்கம் போய், துறைவாயில் இருந்த சிவப்பு மிதவையில் டொம்மென்று மோதி, அதன்மேல் மூக்கை ஏற்றிக்கொண்டு நின்றது.

காபிக் கடையில் எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். யாரோ கத்தினார்: "யெர்கோ! அது பஸ் ஸ்டாப் இல்ல!"

ஃபானி சொன்னாள்: "அந்தப் பக்கம் தள்ளுன்னு அவன் சொன்னான்ல."

அவ்வளவுதான். நாலு நாளாக அடக்கி வைத்திருந்தது வெடித்துவிட்டது.

"எனக்கு நீ சொல்லித் தர வேணாம்! ஸாதர்ல இருக்கானே, அவனுக்குப் போயி சொல்லித் தா!"

காபிக் கடையில் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். ஒரு கரண்டி விழுந்த சத்தம் கூடக் கேட்டது.

"எவனுக்கு?"

"எனக்கென்ன தெரியும்! பல்லு டாக்டர்னு பேரு வச்சிருக்கியே, அவனுக்கு!"

ஃபானி எழுந்தாள். படகு ஆடியது. என்னைத் தாண்டிப் போய் எஞ்சினை அணைத்தாள். அப்புறம் ரொட்டிப் பைக்குள் கையை விட்டு, ரொட்டிக்கு அடியிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து யெர்கோவின் மடியில் போட்டாள்.

யெர்கோ கண்ணாடி கொண்டுவரவில்லை. அட்டையைக் கை நீட்டிய தூரத்துக்குத் தள்ளிப் பிடித்து எழுத்து எழுத்தாகப் படித்தார். "படகு... ஓட்டுநர்..." திரும்பத் திரும்பப் படித்தார்.

"இது நீயா?"

"ஃபோட்டோ யாரோடது மாதிரி இருக்கு?"

"ஸாதர்ல இதுக்குத்தான் போனியா? மூணு தடவையும்?"

"ரெண்டு தடவ வகுப்பு. ஒரு தடவ பரீட்ச. முதல் தடவையே பாஸ்."

யெர்கோவின் முகம் விரிந்தது. அவ்வளவு பெரிய சிரிப்பை நான் அவர் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. மிதவையில் ஏறி நிற்கும் படகில், ஊரே பார்க்க, கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் ஃபோட்டோவை மறுபடி உற்றுப் பார்த்தார்.

"முடி அழகா இருக்கே. யாரு வெட்டினது?"

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கடலைப் பார்த்தேன்.

"சரி, தள்ளு" என்றாள் ஃபானி. இடம் மாறி உட்கார்ந்தார்கள். துடுப்பால் மிதவையை ஒரு குத்துக் குத்தி படகைப் பின்னால் இறக்கினாள். ஒரே இழுப்பில் எஞ்சின் பிடித்தது. கைப்பிடியை இரண்டு விரலால் தள்ளினாள். படகு அவள் நினைத்த இடத்துக்கு, அவள் நினைத்த வேகத்தில், வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி போனது. காபிக் கடையில் இந்த முறை யாரும் கை தட்டவில்லை. வாயைத் திறந்து வைத்திருக்கும்போது கை தட்டத் தோன்றாது போல.

யெர்கோ அவளைப் பார்த்தபடி, போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். "பாரு தோன்கா, பாரு, என் பொண்டாட்டி" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அலைதாங்கிச் சுவரைத் தாண்டியதும் பத்தரை மணி ஃபெரி குறுக்கே போனது. அதன் அலை வந்து எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஐந்தாவது தூக்கலில் யெர்கோவின் பேச்சு நின்றது. ஏழாவதில் வெளியே குனிந்துவிட்டார்.

"என்ன ஆச்சு? காலையில என்ன சாப்பிட்ட?" என்று வேகத்தைக் குறைத்தாள் ஃபானி.

"ஒண்ணும் சாப்பிடல" என்றார் தண்ணீரைப் பார்த்துக் குனிந்தபடியே. "எனக்கு... எப்பவுமே இப்படித்தான்."

"எப்பவுமேன்னா?"

நிமிர்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். ஃபானி நம்பவில்லை.

"பொய் சொல்லாத. வருஷா வருஷம் ஃபெரில எங்க அக்கா வீட்டுக்குப் போறோம். ஒரு நாளு நீ..." என்று நிறுத்தினாள். அவளுக்கே புரிந்துவிட்டது. ஃபெரியில் எல்லாரும் மேலே போய்க் காபி குடிப்பார்கள். யெர்கோ மட்டும் கீழ்த்தளத்தில் வண்டிக்குள்ளேயே இருப்பார். வண்டிக்குக் காவல் என்பார். ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முன் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி ஒன்றரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பாராம். ஸ்டீயரிங் கையில் இருந்தால் மட்டும் ஒன்றும் செய்யாதாம்.

ஃபானி சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கைப்பிடியை விட்டுவிட்டாள். படகு தானாக வட்டம் போட்டது. அப்புறம் சிரிப்பு அடங்கி, "முப்பது வருஷம் என்கிட்ட சொல்லலையே யெர்கோ" என்றாள்.

"உனக்கு ஓட்ட ஆசைன்னு நீ சொன்னியா?"

"கேட்டியா நீ?"

"நீ மட்டும் கேட்டியா?"

நான் நடுவில் உட்கார்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். ஒரு மாதமாக வயிற்றில் இருந்த பாரம் இறங்கியதில் எனக்கு அலையெல்லாம் தெரியவே இல்லை.

இப்போது சிக்கல் வேறு. யெர்கோ ஓட்டினால்தான் வாந்தி வராது. ஆனால் அவருக்குக் கைப்பிடி பிடிபடாது. ஃபானிக்குப் பிடிபடும், ஆனால் கைப்பிடியை விடமாட்டாள். "முன்னாடி போயி, திரும்பி உக்காரு" என்றாள் அவள். "என்னப் பாக்காத. தூரத்துல பாரு."

யெர்கோ என்னைத் தாண்டித் தவழ்ந்து போய்ப் படகின் மூக்கில், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். நங்கூரக் கயிற்றின் சுருளை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஃபானி வேகமெடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் பிடரிக்கு நிறம் திரும்பியது. ஃபானி இடப் பக்கம் திரும்பினால் அவர் கயிற்றுச் சுருளை இடப் பக்கம் திருப்பினார். எதிரே ஒரு பாய்மரப் படகு வந்தபோது வலது காலால் பலகையை ஓங்கி மிதித்தார். பிரேக்காம். "மெதுவா, மெதுவா! ஹாரன் அடி!" என்று கத்தினார். எஞ்சின் சத்தத்தில் ஃபானிக்கு ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. அவள் காற்றில் முடி பறக்கப் பாடிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையே விட்ஸ்கோவிடம் பேசி முடித்துவிட்டார்கள். டாக்டரின் படகை ஜூலையில் ஒரு ஸ்லோவேனியாக்காரர் வாங்கிப்போனார். டாக்டருக்கு இன்றுவரை புரியவில்லை, அந்த டாய்லெட்டை அவ்வளவு ரசித்த மனிதர் ஏன் வாங்கவில்லை என்று.

போன வாரம் யெர்கோ முடி வெட்ட வந்தார். கதவைச் சாத்தச் சொல்லவில்லை. வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. முந்தின நாள் ஃபானி அவரைக் கடலிடுக்கைத் தாண்டி எதிரே இருக்கும் ஒரு கரட்டுப் பாறைத் தீவுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். யாரும் போகாத இடம், கடற்காகமும் கல்லும்தான். தக்காளியும் உப்பு நெத்திலியும் வைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

"நாலாவது வளைவுல பஸ்ஸத் திருப்பும்போதெல்லாம் அந்தப் பாறையப் பாத்திருக்கேன் தோன்கா. ஒரு நாளைக்கு ஆறு தடவ. அதுக்கு ஒரு பின்பக்கம் இருக்கும்னு எனக்குத் தோணினதே இல்ல. நேத்து சுத்திட்டுப் போயி பாத்தேன்."

"என்ன இருக்கு அங்க?"

"ஒண்ணும் இல்ல. அதே கல்லு." துணியை உதறிவிட்டு எழுந்தார். வாசலில் ஃபானி ரொட்டிப் பையோடு நின்றாள். "நாளைக்கி மறுபடியும் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கா. சீக்கிரம் காச எடுத்துக்க, காத்து எழும்பறதுக்குள்ள நாங்க இன்னிக்கும் ஒரு சுத்துப் போயிட்டு வரணும்."